ரோபோ புல்லு வெட்டி வாங்க முதல், வளவில நிண்டு மேல பாருங்கோ

வத்தளையில எங்கட பெரியம்மாட வளவு 60 பேர்ச். கொழும்புக்குக் கிட்ட இந்தக் காலத்தில அது பெரிய காணிதான், முன்பக்கம் முழுக்கப் புல்லு, பின்பக்கம் 11 தென்னை, ஒரு பலா, ஒரு கறுத்தக்கொழும்பான் மா. மே மாசம் மழை தொடங்கினா பத்து நாளில புல்லு கணுக்காலைத் தாண்டிடும். 20 வருசமா புல்லு வெட்ட வாற ஐயாவுக்கு இப்ப முழங்கால் நோ, தோளில மெஷினைக் கொழுவிக்கொண்டு வெயிலுக்க நிக்க ஏலாது, வேற ஆள் தேடினா ஒரு கிழமை வருவினம் மற்றக் கிழமை வரமாட்டினம். அதாலதான் ரோபோ வாங்குற யோசனை வந்தது. வாங்கி, பிழை விட்டு, திருத்தி, பிறகு தலவத்துகொடையில இருக்கிற ஒரு கூட்டாளிக்கும் தெரிஞ்செடுத்துக் குடுத்தனான். அதில விளங்கினதை புதுசா வாங்குற ஆக்களுக்காக ஒழுங்கா எழுதிறன்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். 1995ல ஹஸ்க்வர்னா கம்பனி சூரிய ஒளியில ஓடுற ரோபோ புல்லு வெட்டியை சந்தைக்குக் கொண்டந்த காலத்தில இருந்து கனகாலமா இந்த மெஷினுகளுக்கு எல்லை காட்டினது வயர்தான். புல்லைச் சுத்தி நிலத்தில ஒரு வயர் தாட்டு, அதில மெல்லிய கரண்ட் ஓடும், மெஷின் அதை உணர்ந்து திரும்பும். எங்கட வளவுகளுக்கு இது சரிவராது, தென்னைக்குப் பாத்தி வெட்டேக்க மண்வெட்டி பட்டு அறும், பெருச்சாளி தோண்டும், எங்க அறுந்தது எண்டு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிடும். ஆனபடியா வயர் இல்லாததுக்குப் போறது நல்ல முடிவுதான், ஆனா வயர் இல்லாததிலயே மூண்டு வகை இருக்கு, எது உங்கட வளவுக்குப் பொருந்தும் எண்டதை பெட்டியில எழுதியிருக்கிற சதுர மீட்டர் சொல்லாது, உங்கட மரங்களும் மதிலும்தான் சொல்லும்.

படி 1: புல்லை மட்டும் அளவுங்கோ

காணி உறுதியில இருக்கிற பேர்ச்சை வச்சு மெஷின் வாங்கக் கூடாது. ஒரு பேர்ச் 25.3 சதுர மீட்டர். பெரியம்மாட 60 பேர்ச்சில வீடு, கார் போற பாதை, கிணத்தடி, பூப்பாத்தி எல்லாம் சேர்த்து 22 பேர்ச் போச்சு, மிச்சம் 38, அதாவது கிட்டத்தட்ட 960 சதுர மீட்டர். 40 பேர்ச் 1,000 சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேல, அரை ஏக்கர் 2,000, ஒரு ஏக்கர் 4,000 எண்டு மனசில வச்சிருந்தா கடையில கதைக்கேக்க சுகமா இருக்கும். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில யோசிக்கிற பெரியாக்களுக்கு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். அளவெடுக்க டேப் தேவையில்லை, கூகுள் மேப்ஸ் சட்டலைட் படத்தில தூரம் அளக்கிற வசதியால வளவைச் சுத்தி புள்ளி வச்சாலே காணும்.

புல்லு 10 பேர்ச்சுக்குக் குறைவா இருந்தா ரோபோ வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், ஒரு சாதாரண பற்றரி மெஷின் அந்தக் காசில பத்தில ஒரு பங்குதான் வரும்.

படி 2: மேல பாருங்கோ

இந்தப் படியிலதான் நான் பிழை விட்டனான், அதால கொஞ்சம் கூட எழுதிறன்.

வயர் இல்லாத மெஷினுகளில கூடுதலா வாறது ஆர்டிகே எண்ட முறை. போனில இருக்கிற ஜிபிஎஸ் உங்கட இடத்தை 3, 4 மீட்டர் பிழையோடதான் காட்டும், அந்தப் பிழையோட ஒரு மெஷின் ஓடினா பக்கத்து வீட்டு மதில், பூப்பாத்தி எல்லாம் முடிஞ்சுது. அதுக்காக வளவில ஒரு அன்டெனாவை அசையாம நடுவினம். அன்டெனா இருக்கிற இடம் மாறாது எண்டபடியா சட்டலைட் சிக்னலில எவ்வளவு பிழை வருகுது எண்டது அதுக்குத் தெரியும், அந்தத் திருத்தத்தை ரேடியோ வழியா மெஷினுக்கு அனுப்பும், மெஷின் தன்ர இடத்தை ரெண்டொரு சென்டிமீட்டருக்குள்ள பிடிச்சிடும். இது அற்புதமா வேலை செய்யும், ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, அன்டெனாவும் மெஷினும் ரெண்டும் திறந்த வானத்தைப் பார்க்கோணும், ரெண்டும் ஒரே சட்டலைட்டுகளைப் பார்க்கோணும்.

நான் வாங்கினதும் இந்த ஆர்டிகே வகைதான். எங்கட பின்பக்கம் பலாவும் மாவும் தென்னையும் கூரை போட்ட மாதிரி. முன்பக்கம் ரூல் போட்ட மாதிரி வெட்டின மெஷின் பலாவுக்குக் கீழ போய் நிண்டிடும், சிக்னல் வரும் வரைக்கும் அப்பிடியே நிக்கும், பிறகு போனில மெசேஜ் வரும், ஆரும் போய் தூக்கிக்கொண்டு வரோணும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில இருக்கிற 2 மீட்டர் சந்திலயும் அதே கதை, அங்க மேல வானம் தெரியுது, ஆனா ரெண்டு பக்கமும் சுவர் மறைக்குது, சுவரில பட்டுத் தெறிச்ச சிக்னலும் கலந்து வருகுது. வித்த ஆக்கள் ஒருத்தரும் மரம் எத்தினை எண்டு கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

ஆனபடியா இப்பிடிச் செய்யுங்கோ. மத்தியானத்தில வளவில ஒவ்வொரு பத்தடிக்கும் நிண்டு மேல பாருங்கோ, வானம் பாதிக்கு மேல இலையாலயும் சுவராலயும் மறைஞ்ச இடத்தை ஒரு பேப்பரில கீறி நிழல் போடுங்கோ. ஒரு தனித் தென்னை பிரச்சினை இல்லை, ஓலைக்கு நடுவால சிக்னல் வரும், மெஷினும் கொஞ்ச நேரம் கமெராவையும் சில்லு சுத்தினதையும் வச்சு சமாளிச்சிடும். அடர்ந்த பலா, மா, மூங்கில், ரெண்டு மாடி வீட்டுச் சுவர், இவைதான் பிரச்சினை. நிழல் போட்ட பகுதி கால்வாசிக்கு மேல வந்தா ஆர்டிகே மட்டும் இருக்கிற மெஷினை வாங்காதேங்கோ.

கொழும்புக்கெண்டே இன்னொரு விசயமும் இருக்கு. நாங்க பூமியின்ர காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறம், பொழுது பட்டதில இருந்து நடுச்சாமம் வரைக்கும் இந்தப் பகுதியில வளிமண்டலத்தின்ர மேல்பகுதியில இருக்கிற அயனமண்டலம் குழம்பி சட்டலைட் சிக்னல் துடிக்கிறது உண்டு, மார்ச், செப்டெம்பரைச் சுத்தின மாசங்களில கூட, சூரியன் உசாரா இருக்கிற வருசங்களில இன்னும் கூட. பின்னேரம் 7 மணிக்கு மெஷின் காரணமில்லாம நிண்டா அது பழுதெண்டு நினைக்காதேங்கோ. காலமைதான் வெட்ட நல்ல நேரம்.

படி 3: மூண்டில எது?

ஆர்டிகே: திறந்த பெரிய வளவு, மரம் ஓரத்தில மட்டும் எண்டா இதுதான் நல்லது. செக்வே நவிமோ, மாமோஷன் லூபா, ஹஸ்க்வர்னாட ஈபொஸ் எல்லாம் இந்தக் குடும்பம். முதல் ரெண்டிலயும் ஆர்டிகேயோட கமெராவும் சேர்ந்து வாற மொடல்கள் இருக்கு, தனி ஆர்டிகேயை விட அதைப் பாருங்கோ. சிலது வளவில அன்டெனா வேண்டாம், நெட்டால திருத்தம் வரும் எண்டு விக்கினம், அந்தச் சேவை இலங்கையை உள்ளடக்குது எண்டு எழுத்தில வாங்காம காசு குடுக்காதேங்கோ.

லைடார்: மெஷின் தலையில ஒரு லேசர் சுத்தி, சுவர், மரம், தூண் எல்லாத்தின்ர தூரத்தையும் அளந்து தனக்கு ஒரு வரைபடம் வச்சுக்கொள்ளும், வானத்தை நம்பித் தேவையில்லை, இருட்டிலயும் வழி தெரியும். 2024ல வந்த ட்ரீமி ஏ1 இந்த வகை. கொழும்பில எல்லா வளவுக்கும் நாலு பக்கமும் மதில், நடுவில வீடு, நிறைய மரம், லைடாருக்கு இது வலு வசதி. அதுக்குப் பிடிக்காதது வெறும் மைதானம், சுத்திவர ஒண்டும் இல்லாட்டி அது எதை வச்சு இடம் பிடிக்கிறது? தலவத்துகொடை வீட்டுக்கு இதைத்தான் எடுத்தம், 25 பேர்ச் புல்லு, மூண்டு பக்கம் உயர மதில், ரெண்டு பலா, ஒருநாளும் வழி தவறி நிக்கேல்லை. ஒரு வேலியை முழுசா வெட்டி எறிஞ்ச அண்டைக்கு மட்டும் திரும்ப வரைபடம் எடுக்க வேண்டி வந்தது.

கமெரா மட்டும்: வொர்க்ஸ் லேண்ட்ராய்ட் விஷன் மாதிரி. புல்லு எது, புல்லில்லாதது எது எண்டு பார்த்து ஓடும், அன்டெனா, வரைபடம் ஒண்டும் வேண்டாம், தூக்கி வச்சா சரி. ஓரம் தெளிவா இருக்கோணும் எண்டதுதான் பிரச்சினை, எங்கட வளவில புல்லு எங்க முடிஞ்சு மணல் எங்க தொடங்குது எண்டு எனக்கே சொல்ல ஏலாது, காய்ஞ்ச இலை வேற மூடிக் கிடக்கும். பெரிய வளவுக்கு இதை நான் சொல்லமாட்டன்.

படி 4: கீழயும் பாருங்கோ

வீட்டுக்குப் பின்னால தண்ணி ஓடுற கான் இருந்தா, ஸ்லப் போடாத இடம் எங்கயெண்டு பார்த்து வையுங்கோ, மெஷின் விழுந்தா எடுக்கிறது ஒரு பக்கம், தண்ணியில கிடந்தா முடிஞ்சுது. கிணத்துக்குக் கட்டு இருக்கோணும். தென்னை வேர் மேல கிளம்பி இருக்கிற இடம், தாழ்ந்து தண்ணி நிக்கிற இடம் எல்லாத்தையும் மண் போட்டு மட்டம் பண்ணுங்கோ.

சரிவைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கு. பெட்டியில 45 சதவீதம் எண்டு போட்டிருந்தா அது 45 பாகை இல்லை, 24 பாகைதான். லூபா 2 மாதிரி நாலு சில்லும் இழுக்கிறது 80 சதவீதம் வரை ஏறும் எண்டு சொல்லினம், அது கிட்டத்தட்ட 39 பாகை. கொழும்பில அப்பிடிச் சரிவு குறைவு, ஆனா நாலு சில்லு இழுக்கிறதின்ர உண்மையான பிரயோசனம் சேறு. மழைக்கு ஊறின கபுக் செம்மண்ணில பின் சில்லு மட்டும் இழுக்கிறது ஒரே இடத்தில சுத்திக் கிடங்கு தோண்டும். வத்தளை மாதிரி மணல் பக்கம் இது பெரிசாத் தெரியாது, மாலபே, ஹோமாகமப் பக்கம் எண்டா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் நாலு சில்லு இழுக்கிறதை எடுங்கோ.

படி 5: பெட்டியில இருக்கிற அளவை நம்பாதேங்கோ, மழையைக் கணக்கில எடுங்கோ

1,000 சதுர மீட்டர் எண்டு போட்டிருக்கிறது, நல்ல காலநிலையில வெட்டி, சார்ஜ் ஏத்தி, திரும்ப வெட்டி எண்டு நாள் முழுக்க ஓடினா வாற கணக்கு. எங்கட மே, ஜூனிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் நிலைமை வேற. மழை சென்சர் நனைஞ்ச உடன மெஷின் வீட்டுக்குத் திரும்பும், மழை விட்டும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் காத்திருக்கும், அந்த நேரத்திலதான் புல்லும் ஆகக் கூட வளரும். இரவில ஓட விடவும் கூடாது, அதைக் கீழ சொல்லுறன். ஆனபடியா உங்கட புல்லு அளவை ஒண்டரையால பெருக்குங்கோ, எங்கட 960க்கு 1,500 சதுர மீட்டர் மெஷின்தான் சரி. ஒரு ஏக்கர் புல்லு இருக்கிற ஆக்களுக்கு ஒரு பெரிய மெஷினை விட ரெண்டு நடுத்தர மெஷின் நல்லதா எண்டும் யோசியுங்கோ, ஒண்டு பழுதாப் போனா மற்றது ஓடும்.

வெட்டு உயரமும் பாருங்கோ. கொழும்பில கூடுதலா இருக்கிறது அகலமான இலை இருக்கிற மலேசியன் புல்லு, அதை 4, 5 சென்டிமீட்டரில வச்சாத்தான் வடிவா பச்சையா நிக்கும், நல்லா ஒட்ட வெட்டினா வெயிலுக்கு மண் தெரியும், பிறகு கோரையும் தொட்டாற்சுருங்கியும் வந்து இடம் பிடிக்கும். மெஷின் 6 சென்டிமீட்டர் வரைக்கும் எண்டாலும் உயர்த்தக் கூடியதா இருக்கோணும்.

படி 6: வாங்குற இடம்

வெளிநாட்டு விலை ஏறக்குறைய 1,000 டொலரில இருந்து 3,000 டொலர் வரை, அதுக்கு மேல கப்பல் கூலி, சுங்க வரி, 2024 ஜனவரியில இருந்து 18 சதவீத வற் வரி. ஒன்லைனில மலிவா இருக்கெண்டு தானா இறக்குற ஆக்களுக்கு மூண்டு எச்சரிக்கை. லித்தியம் பற்றரி விமானத்தில ஆபத்தான பொருள் கணக்கு, எல்லாக் கூரியரும் எடுக்காது. ரேடியோவும் சிம்மும் இருக்கிற சாமான் எண்டபடியா தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி கேப்பினம், அன்டெனா பாவிக்கிற அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்குச் செய்த சார்ஜர் 120 வோல்ட்டா இருக்கலாம், எங்கட கரண்ட் 230, ஸ்டிக்கரைப் படிக்காம பிளக்கில கொழுவாதேங்கோ.

கடையில நான் கேக்கச் சொல்லுற கேள்வி ஒண்டுதான்: பிளேட், சில்லு மோட்டர், பற்றரி மூண்டும் இண்டைக்கு உங்கட கையிருப்பில இருக்கா? இருக்கெண்டா எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. வரண்டி அட்டையை விட இதுதான் பெறுமதி. எனக்கு ஒரு சில்லு மோட்டருக்கு 7 கிழமை காத்திருக்க வேண்டி வந்தது, அதுவும் மழைக்காலத்தில.

படி 7: பூட்டுறது

அன்டெனாவை ஆகலும் உயரமான, அசையாத இடத்தில பூட்டுங்கோ. நாங்க முதல்ல புல்லுக்க கம்பு நட்டு வச்சம், பிறகு தண்ணித் தாங்கி வச்ச கொங்கிறீட் தட்டுக்கு மாத்தின பிறகுதான் முன்பக்கம் முழுக்க ஒழுங்கா ஓடிச்சுது. பூட்டி வரைபடம் எடுத்த பிறகு அன்டெனாவை ஒரு அடி நகர்த்தினாலும் முழு வரைபடமும் ஒரு அடி நகரும், அதை மறந்தா மெஷின் கானுக்க போகும். உயரத்தில இருக்கிற அன்டெனாவுக்கு இடி மின்னல் பயமும் இருக்கு. ஏப்ரலிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் பின்னேரத்தில இடிக்கிற இடி உங்களுக்குத் தெரியும், சர்ஜ் புரொடெக்டர் போடுங்கோ, வானம் கறுத்தா பிளக்கைக் கழட்டுங்கோ. வெளியில இருக்கிற பிளக் பேஸ் கட்டாயம் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால இருக்கோணும், எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு ஒருக்கா டெஸ்ட் பண்ணுவிக்கோணும். கரண்ட் போனா அன்டெனாவும் போகும், நடுவளவில மெஷின் நிக்கும், ஒரு சின்ன யூபிஎஸ் காணும்.

சார்ஜ் ஏத்துற இடம் மட்டமா, தென்னைக்குக் கீழ இல்லாததா இருக்கோணும். காய்ஞ்ச மட்டை ஒண்டு விழுந்தா மூடி உடையும், தேங்காய் விழுந்தா சொல்லத் தேவையில்லை. மேல சின்னக் கூரை போட்டா வெயிலுக்கும் நல்லது, ஆனா ஆர்டிகே மெஷினெண்டா தகரம் போடாதேங்கோ, சிக்னலை மறைக்கும். கூரையிலயோ அடித்தட்டிலயோ தண்ணி தேங்கி நிக்காம பாருங்கோ, டெங்கு நுளம்புக்கு அந்தளவு தண்ணியே காணும், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தா வழக்குத்தான்.

படி 8: முதல் ரெண்டு கிழமை

ரோபோ நீட்டுப் புல்லு வெட்டாது, முதல்ல சாதாரண மெஷினால ஒருக்கா வெட்டி, வெட்டினதை அள்ளிப் போட்டு, பிறகுதான் இதை விடோணும். உயரத்தை ஆகக் கூடவா வச்சுத் தொடங்கி ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்கா 5 மில்லிமீட்டர் இறக்குங்கோ. எல்லை கீறேக்க மெஷினை போனால ஓட்டிக்கொண்டு நீங்களும் பின்னால நடக்கோணும், அவசரப்படாதேங்கோ, பூப்பாத்தி, கான், மீன் தொட்டி எல்லாத்தையும் போகக் கூடாத இடமாக் கீறுங்கோ. மதிலோரம் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டாம விடும், அது கூடுதலான மெஷினுகளில அப்பிடித்தான், அந்த ஓரத்துக்கு மட்டத்துக்கு மட்டம் கல் பதிச்சா சில்லு கல்லில ஏறி ஓடி முழுசா வெட்டும்.

குரும்பட்டி, சிரட்டைத் துண்டு, ஓலை ஈர்க்கு, இதுகளைத் தினமும் காலமை பொறுக்கோணும். ஈர்க்கு பிளேட் தட்டில சுத்தினா மோட்டர் திணறும். பிளேட் சவர அலகு மாதிரிச் சின்னது, நாலு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு ஒருக்கா மாத்தினாப் போதும், மொட்டைப் பிளேட் புல்லைக் கிழிக்கும், நுனி மண்ணிறமாப் போனா அதுதான் அடையாளம். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் சார்ஜ் ஏத்துற செப்புத் தகட்டை மாசம் ஒருக்கா துடையுங்கோ, உப்புக் காத்தில பச்சை பிடிக்கும். சார்ஜர் பெட்டிக்குள்ள எறும்பு கூடு வைக்கும், அதையும் பாருங்கோ.

இரவில ஓட விடாதேங்கோ எண்டு சொன்னனே, காரணம் தவளையும் நத்தையும். இரவில மழைக்குப் பிறகு புல்லுக்க அதுகள்தான் நிறைய, மெஷினுக்கு அதுகளைத் தெரியாது. உடும்பு, கபரகொய்யா பகலில வந்தாலும் சத்தம் கேட்டு விலகிடும், குட்டியள் விலகாது. காலமை 8 மணிக்குப் பிறகு தொடங்கி பின்னேரம் 4 மணிக்குள்ள முடியிற மாதிரி நேரம் போடுங்கோ, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து வெறுங்காலோட விளையாடுற நேரம் மெஷின் கட்டாயம் கூட்டுக்குள்ள இருக்கோணும். தூக்கினா பிளேட் நிக்கிறதெண்டு இருந்தாலும் அதை நம்பிப் பிள்ளையளைப் பக்கத்தில விடக்கூடாது. வாங்கேக்க ஐஈசி 60335-2-107 எண்ட பாதுகாப்புத் தரம் எழுதியிருக்கா எண்டு பாருங்கோ, அது இந்த ரோபோ புல்லு வெட்டியளுக்கெண்டே உள்ளது.

பெரியம்மா வீட்டில முன்பக்கம் இப்ப மெஷின்தான், பலாவுக்குக் கீழயும் சந்துக்குள்ளயும் போகக் கூடாதெண்டு கீறி விட்டாச்சு. அந்தப் பகுதிக்கும் மதிலோரத்துக்கும் ஐயாதான் மாசத்தில ஒருக்கா வாறார், நிழலுக்க ஒரு மணித்தியால வேலை, நாட்சம்பளம் முழுசாக் குடுக்கிறம். அவர் வந்த முதல் நாளே மெஷினுக்கு மேல இருக்கிற சிவப்பு நிப்பாட்டுற பட்டனைக் காட்டி அவரைக் கொண்டே ரெண்டு தரம் அமத்துவிச்சம், பெரியம்மாவுக்கும் வேலைக்கு வாற அக்காவுக்கும் அப்பிடித்தான் பழக்கினம். உங்கட வீட்டிலயும் மெஷின் ஓடத் தொடங்க முதல் இதைச் செய்யுங்கோ.